நீருள் மூழ்கிய கோயிலும் சூழலியற் சிற்பமும்

சிற்பம் என்னுஞ் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவன கோபுரத்துச் சுதை உருவங்களும், கருவறைத் திருமேனிகளும், வீதி முனைகளில் நிறுத்தப்பெற்ற தலைவர் சிலைகளுமேயாம். இவை யாவும் தத்தமக்குரிய இடத்தில், காண்போர் எதிர்பார்த்தவாறே நிற்பன. ஆனால், அண்மைக் காலத்தில் உலகின் பல பாகங்களில் வேறொரு வகைச் சிற்பம் தோன்றியுள்ளது. அது மண்டபத்துள் நில்லாது ஆற்றிலும், கடற்கரையிலும், நகரத்துச் சதுக்கத்திலும் நிற்கின்றது. இருக்கவொண்ணாத இடத்தில் இருக்கவொண்ணாத பொருளை வைத்து, மனிதன் தன் மண்ணையும் நீரையும் காற்றையும் எவ்வாறு நடத்துகிறான் என்னும் வினாவை எழுப்புகின்றது. இத்தகைய சிற்பத்தின் இயல்பு யாது, அதற்கும் நம் மலைநாட்டுக்கும் உள்ள தொடர்பு யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குத் தூண்டுகோலாயிருந்தது நூலன்று. ஒரு மாணவனின் கேள்வியே. அட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணி செல்லும் பாதையில் மவுசாக்கலை நீர்த்தேக்கம் உள்ளது. கடும் வறட்சிக் காலத்தில் அதன் நீர்மட்டம் தாழும்போது, பழைய மஸ்கெலியா நகரின் எச்சங்கள் சேற்றிலிருந்து மெல்ல வெளிப்படும். சண்முகநாதர் கோயிலின் கட்டடப் பகுதிகளும், பள்ளிவாசல், பௌத்த விகாரை ஆகியவற்றின் எச்சங்களும் அவற்றுள் அடங்கும். அத்தகையதொரு மாசி மாதத்தில் என் வகுப்பு மாணாக்கரை ஆங்கு அழைத்துச் சென்றிருந்தேன். நெடுநேரம் வாளாவிருந்த ஒரு மாணவன் என்னை நோக்கி, “சேர், கோயில் மேலே வருதா, தண்ணி கீழே போகுதா?” என்று கேட்டான். உடனிருந்தோர் நகைத்தனர். எனக்கோ நகைப்பு எழவில்லை. அவ்வினாவின் இரு பகுதிகளுக்கும் தனித்தனியே விடை காணவேண்டும் என்று தோன்றியது.

கனவுநிலைக் கலை

மேனாட்டார் ‘சர்ரியலிசம்’ என வழங்கும் கலைக்கொள்கையை ‘மீமெய்ம்மை’ எனத் தமிழிற் கூறலாம். 1924இல் பாரிசு நகரில் ஆந்திரே பிரெதோன் என்னும் கவிஞர் வெளியிட்ட அறிக்கையோடு அஃது ஓர் இயக்கமாக உருப்பெற்றது. கனவில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருள்கள் அருகருகே வந்து நிற்கின்றன. எனினும் கனவு காண்பவன் அவற்றிற்கிடையே ஆழ்ந்ததொரு தொடர்பை உணர்கிறான். அவ்வுணர்ச்சியை விழிப்பு நிலையில் உண்டாக்குவதே அக்கலையின் குறிக்கோள்.

இஃது நமக்கு முற்றிலும் புதியதன்று. மாமல்லபுரத்தில் ஏழாம் நூற்றாண்டிற் பல்லவர் செதுக்குவித்த பெரும் பாறைச் சிற்பத்தை எண்ணிப் பார்க்க. அருச்சுனன் தவம் என்பர் சிலர். கங்கையின் இறக்கம் என்பர் வேறு சிலர். திறந்தவெளியில், பாறையின் இயற்கைப் பிளவையே ஆறாகக் கொண்டு, அதனுள் நாகர்கள் மேனோக்கி நீந்த, இருமருங்கும் தேவரும் முனிவரும் யானைகளும் திரண்டு நிற்கின்றன. யானையின் அருகே ஒரு பூனை பின்னங்காலில் நின்று தவம் செய்ய, அதன் முன் எலிகள் அச்சமின்றிக் கூடுகின்றன. பாறையின் மேற்பகுதியில் நீர் தேக்குதற்குரிய அமைப்பு இருந்ததென்றும், அந்நீர் பிளவின் வழியே வழிந்தபோது கல்லாறு மெய்யாறாகவே தோன்றியிருக்கும் என்றும் அறிஞர் கருதுவர். நீரும் கல்லும் கூடி ஒரு பொருளை உரைத்தல் தமிழ் நிலத்துச் சிற்பிக்கு அன்றே கைவந்திருந்தது.

காஞ்சிபுரத்து அத்திவரதர் மற்றொரு சான்று. வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசுத் திருக்குளத்தின் அடியில் அத்தி மரத்தாலான திருமேனி கிடக்கின்றது. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை வெளிக்கொணர்ந்து 48 நாள் வழிபட்டு, மீண்டும் நீருள் வைப்பர். 1979இலும் 2019இலும் அவ்வாறு நிகழ்ந்தது. அடுத்த எழுச்சி எந்த ஆண்டென்பதைச் சிறு பிள்ளையும் கணக்கிட்டுக் கூறலாம். ஆங்கு நீருக்கும் திருமேனிக்கும் இடையேயுள்ள ஒழுங்கைக் காலக்கணக்கு வகுத்துள்ளது. இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பின்னர் அது நமக்குப் பயன்படும்.

நீரிலும் பனியிலும் நின்ற சிற்பங்கள்

இக்காலச் சூழலியற் சிற்பங்களுள் மூன்றினை ஈண்டு நோக்குவோம்.

முதலாவது, இலண்டன் மாநகரத்துத் தேம்சு ஆற்றில் 2015 செத்தெம்பரில் நிறுத்தப்பெற்றது. ‘ஏறிவரும் அலை’ என்னும் பொருள்படும் பெயரிட்டு யேசன் டி கெயர்சு டெயிலர் என்னுஞ் சிற்பி அதனை அமைத்தார். நான்கு குதிரைகள், அவற்றின் மீது நால்வர். இருவர் தொழிலதிபர் உடையில் உள்ளனர். இருவர் இளம் பருவத்தினர். குதிரைகளுக்குத் தலை இல்லை. தலையிருக்க வேண்டிய இடத்தில் எண்ணெய்க் கிணறுகளில் மேலுங்கீழும் அசையும் இறைப்புப் பொறியின் தலை இருந்தது. தேம்சு கடலேற்றம் புகும் ஆறாதலின், ஏற்றத்தின்போது சிற்பம் மூழ்கும், வற்றத்தின்போது வெளிப்படும். ஒரு நாளில் இருமுறை இது நிகழ்ந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்தலால் புவி வெம்மையுற்றுக் கடல்மட்டம் உயருகின்றது என்னும் செய்தியைச் சிற்பி சொற்களால் எழுதவில்லை, ஆற்றைக்கொண்டே எழுதுவித்தார்.

இரண்டாவது, 2015 திசெம்பரிற் பாரிசில் உலக நாடுகள் காலநிலை மாநாட்டிற் கூடியிருந்த வேளையில் வைக்கப்பெற்றது. ஓலபர் எலியாசன் என்னும் கலைஞரும் மினிக் ரோசிங் என்னும் புவியியலறிஞரும் கிரீன்லாந்துக் கடற்கழியில் மிதந்த 12 பனிப்பாறைகளைக் கொணர்ந்து, கடிகாரத்தின் எண்களைப் போல வட்டமாக வைத்தனர். வழிப்போக்கர் அவற்றைத் தொட்டனர், சிறுவர் தழுவினர். பனி உருகி ஓடியது. உளி செய்யும் வேலையை வெப்பம் செய்தது. சிற்பம் முற்றுப்பெற்றபோது சிற்பமே இல்லை.

மூன்றாவது, மேற்குறித்த டெயிலர் 2019இல் அவுத்திரேலியாவின் டவுன்சுவில் நகரக் கடலோரத்தில் நிறுத்திய பெண் உருவம். அந்நிலத்துப் பழங்குடிச் சிறுமியொருத்தியின் வடிவில் அமைந்த அவ்வுருவம், பெருந்தடுப்புப் பவளப்பாறைத் தொடரில் அளக்கப்படும் கடல்நீரின் வெப்பத்திற்கேற்ப நிறம் மாறி ஒளிரும். நீர் குளிர்ந்திருப்பின் நீலம். வெப்பம் மிகின் செம்மை. பவளப்பாறைக்கு நேரும் துன்பத்தைக் கரையில் உள்ளோர் காண இயலாது. ஆதலின் சிலை அதனைக் கண்டு கூறுகின்றது.

இம்மூன்றினையும் ஒப்புநோக்கின் பொதுவான மூன்று இலக்கணங்கள் புலனாகும். ஒன்று, இடப்பெயர்வு: பொருள் தனக்குரியதல்லாத இடத்தில் நிற்றல். இரண்டு, அளவை: நீரேற்றம், உருகல், வெப்பம் என ஏதேனுமொன்றை அச்சிற்பம் அளந்து காட்டல். மூன்று, சான்று: கண்ணிற்குப் புலனாகாத இழப்பொன்றைக் காண்பார் முன் வைத்தல். இவை அமையாதவழி, அவ்வுருவம் விந்தைப் பொருளாகி நிற்குமேயன்றிச் சூழலியற் சிற்பமாகாது.

சிற்பி இல்லாச் சிற்பம்

இனி, நம் மலைநாட்டுக்கு வருவோம். மேற்கூறிய மூன்று இலக்கணங்களும் மவுசாக்கலையில் ஒருங்கே அமைந்துள்ளன. சிற்பி ஒருவர் மட்டும் இல்லை.

இலங்கையின் மலையருவிகளிலிருந்து மின்னாற்றல் பெறலாம் என்பதை டீ. ஜே. விமலசுரேந்திர என்னும் பொறியியலாளர் 1918இலேயே கட்டுரை வாயிலாக எடுத்துரைத்தார். அவர் கனவின் முதற்படியான லக்சபான மின்நிலையம் 1950இல் இயங்கத் தொடங்கியது. கெகெல்கமு ஓயாவின் குறுக்கே காசல்ரீ அணை 1965இல் எழுந்தது. மஸ்கெலியா ஓயாவின் குறுக்கே மவுசாக்கலை அணை 1969இல் நிறைவெய்தியது. ஏறத்தாழ 140 அடி உயரமுடைய இவ்வணையின் பின்னே ஏறத்தாழ 12 கோடி கன மீற்றர் நீர் தேங்கவல்லது. அந்நீர் சுரங்கவழியாகக் கெனியன் மின்நிலையத்தை அடைந்து 60 மெகாவாற்று வரை மின்னாற்றல் தந்து, கீழுள்ள நிலையங்களையும் இயக்கி, களனி கங்கையாகிக் கொழும்பு மாநகரின் குடிநீருக்கும் உதவுகின்றது. கொழும்பில் ஒரு வீட்டில் விளக்கு எரிவதற்கும் குழாயில் நீர் வருவதற்கும் இம்மலைமுகட்டு நீர் காரணமாகின்றது என்பது மிகையன்று.

அந்நீர் தேங்குதற்கு விலையாகக் கொடுக்கப்பட்டது பழைய மஸ்கெலியா நகரம். ஊர் மேட்டு நிலத்துக்குப் பெயர்ந்தது. கடைவீதியும் வழிபாட்டிடங்களும் நீருட் சென்றன. தோட்டத் தொழிலாளர் சம்பள நாளில் நடந்து வந்து அரிசியும் துணியும் வாங்கிய வீதி அது. நாங்கள் சென்ற அன்று, மாணவியொருத்தியின் பாட்டியாரும் உடன் வந்திருந்தார். நாற்பதாண்டு கொழுந்து பறித்துக் கைகள் கறுத்தவர். கோயிலைக் கண்டவுடன் கும்பிட்டார். பின்னர் நெடுநேரம் கோயிலைப் பாராமல், அதற்கப்பால் சேறு மூடிக் கிடந்த வெற்றிடத்தையே நோக்கிக்கொண்டிருந்தார். யாது தேடுகிறீர் எனக் கேட்டோம். “அங்கனதான் வளையல் கடை இருந்துச்சு” என்றார். கல்லாற் கட்டியவை எஞ்சின. பலகையாலும் தகரத்தாலும் கட்டியவை எஞ்சவில்லை. கோயிலைப் படமெடுக்க வருவோர் பலர்; வளையல் கடையைக் காண்பதற்கு அவ்வம்மையார் ஒருவரே இருந்தார்.

இத்தகைய காட்சி மஸ்கெலியாவுக்கு மட்டும் உரியதன்று. 1985இல் நிறைவெய்திய கொத்மலை நீர்த்தேக்கத்தில் கடதொர விகாரை மூழ்கியது. நீர் வற்றுங்கால் அதுவும் வெளிப்படுகின்றது. தமிழ்நாட்டில் 1934இற் கட்டி முடிந்த மேட்டூர் அணையில், பண்ணவாடியின் அருகே மூழ்கிய சலகண்டேசுவரர் கோயில் நந்தியும், கிறித்தவ ஆலயத்தின் இரட்டைக் கோபுரமும் நீர் குறையும்போது தலைகாட்டும். 120 அடி முழுக்கொள்ளளவுள்ள அவ்வணையில் நந்தி தெரிந்தால் உழவர் உள்ளம் நடுங்கும். சூன் 12ஆம் நாளிற் பாசனத்துக்கு நீர் கிடைக்குமோ என்னும் ஐயம் எழும். நந்தி அங்கு நீரளவைக் கல்லாகிவிட்டது. ஐரோப்பாவிலும் எல்பே ஆற்றுப் படுகையில் ‘பசிக்கற்கள்’ என வழங்கும் பாறைகள் உள. நீர் வற்றிய ஆண்டுகளை முன்னோர் அவற்றிற் பொறித்தனர். செக்கு நாட்டுத் தெச்சின் நகரத்துக் கல்லில் 1616ஆம் ஆண்டு இன்றும் தெளிவாகத் தெரிகின்றது. 2018, 2022 ஆகிய ஆண்டுகளின் வறட்சியில் அக்கற்கள் மீண்டும் வெளிப்பட்டன.

தண்ணீர் கீழே போவது ஏன்?

இனி அம்மாணவனின் வினாவிற்கு வருவோம். கோயில் மேலே வரவில்லை. தண்ணீரே கீழே போகின்றது. ஆயின், ஏன் போகின்றது?

ஈண்டு நாம் விழிப்புடன் பேசுதல் வேண்டும். நீர்மட்டம் தாழ்தலுக்குக் காரணம் ஒன்றன்று. மலையகத்தின் மேற்குச் சரிவில் தை முதல் பங்குனி வரை இயல்பாகவே மழை குறைவு. அதே காலத்தில் மின்தேவைக்காக நீர் திறக்கப்படுகின்றது. ஆகவே கோயில் தெரிந்ததொன்றே காலநிலை மாற்றத்துக்குப் போதிய சான்றென முடிவு கட்டுதல் அறிவியல் முறையாகாது. பருவமழை பிழைத்ததா, மின்நிலையம் மிகுதியாக நீர் கொண்டதா, நீரைத் தாங்கி வைத்திருக்க வேண்டிய மலை தன் வன்மையை இழந்ததா என மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும்.

மூன்றாவது காரணத்திற்கு நீண்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்து இம்மலைகளின் காடுகள் கோப்பிப் பயிருக்காக வெட்டி எரிக்கப்பட்டன. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், யேம்சு டெயிலர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். தேயிலை கோப்பியினும் உயரத்திலும் வளரவல்லதாதலின் காடு மேலும் பின்வாங்கியது. காட்டு மண் பஞ்சு போன்றது. மழையை உறிஞ்சி வைத்திருந்து வறண்ட மாதங்களில் ஊற்றாகச் சிறிது சிறிதாக விடும். சரிவில் மண் வெறுமையுற்றால் மழைநீர் உடனே வழிந்தோடும். மேல்மண்ணையும் உடன் கொண்டோடும். அம்மண் நீர்த்தேக்கத்தின் அடியிற் படிந்து, நீர் நிற்கவேண்டிய இடத்தைத் தான் கவர்ந்துகொள்ளும். ஆதலின் மாரியில் விரைவில் நிரம்பி வழிதலும், கோடையில் விரைவில் வற்றுதலும் ஆகிய இரண்டும் ஒரே நோயின் இரு குறிகளாம்.

வெள்ளையர் ஆட்சியும் இதனை ஒருவாறு உணர்ந்திருந்தது. தாவரவியலறிஞர் யோசேப்பு கூக்கரின் அறிவுரையைத் தழுவி, 1873இல் 5,000 அடிக்கு மேற்பட்ட காட்டு நிலங்களை விற்றல் தடுக்கப்பட்டது. சிவனொளிபாத மலைக்காடு 1940இற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2010இல் அஃது ஓட்டன் சமவெளி, நக்கிள்சு மலைத்தொடர் ஆகியவற்றோடு உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது. மஸ்கெலியா ஓயாவின் தலைநீர் அம்மலைகளிலிருந்தே வருகின்றது. எஞ்சிய காடு இல்லையேல் இன்று எஞ்சிய நீரும் இராது.

நீர் குறைதலைக் கோயில் காட்டுகின்றது. நீர் மிகுதலைக் காட்டுவது மண்சரிவு. 2014 ஒற்றோபர் 29ஆம் நாள் பதுளை மாவட்டத்துக் கொசுலந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயங்கள் மண்ணுட் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் வந்த ‘டித்வா’ சூறாவளியின்போது மலைநாட்டு மாவட்டங்கள் பலவற்றிலும் அத்துயர் மீண்டது. நீருட் சென்ற கோயில் வறட்சியில் வெளிப்படும். மண்ணுட் சென்ற லயம் வெளிப்படுவதில்லை. காடு அழித்த கைகள் யாருடைய ஆணைக்கு உட்பட்டிருந்தனவோ, அவர்தம் இல்லங்கள் அச்சரிவுகளின் கீழ் இல்லை. ஆணைக்குட்பட்டோரின் வழிவந்தோரே ஆங்கு வாழ்கின்றனர். சூழலியல் என்பது மரஞ்செடிகளைப் பற்றிய பேச்சு மட்டுமன்று, குடியிருக்கும் இடத்தைப் பற்றிய பேச்சுமாம் என்பதை மலையகத்தார்க்குப் பிறர் கற்பிக்க வேண்டுவதில்லை.

நாம் செய்யக்கூடியது

சிலை நிறுவும் முன் அதனை நீருள் வைத்தெடுத்தல் ஆகம மரபு, சலாதிவாசம் என்பர். கல்லின் குறைகளை நீர் காட்டிக்கொடுக்கும் எனச் சிற்பிகள் கூறுவர். மஸ்கெலியாவில் நீர் காட்டிக்கொடுப்பது கல்லின் குறையையன்று, மலையின் குறையை.

இக்காட்சியைச் சுற்றுலாப் பொருளாக்கி, வண்ணமடித்து, விளக்கிட்டு, நுழைவுச்சீட்டு விற்கலாமென்று கூறுவாரும் உளர். சிவனொளிபாத மலை யாத்திரை மார்கழிப் பௌர்ணமியிலிருந்து வைகாசி வரை நிகழ்வதாலும், அக்காலத்தே நீர் தாழ்வதாலும், காண்போர்க்குக் குறைவிராது. எனினும் அது முறையன்று என்பது என் கருத்து. ஒருகாலத்தில் வழிபாடு நிகழ்ந்த இடம் அது. அன்றியும், வண்ணமடித்தவுடன் அஃது அளவைக் கல்லாயிருத்தல் ஒழிந்து வேடிக்கைப் பொருளாகிவிடும்.

அதனினும் எளியதும் பயன் மிக்கதுமான செயலொன்று ஆசிரியர்களாகிய நம் கையில் உள்ளது. ஆண்டுதோறும் எந்நாளிற் கோயிலின் எப்பகுதி முதலில் வெளிப்பட்டது, எந்நாளில் மறைந்தது என்பதை அண்மைப் பாடசாலை மாணாக்கர் ஒரு கொப்பியிற் பதிந்து வைத்தல் வேண்டும். அதனருகே அவ்வாண்டின் மழையளவையும் எழுதுக. தோட்டந்தோறும் மழைமானி வைத்து நாள்தோறும் குறிக்கும் வழக்கம் நெடுங்காலமாகவே உண்டாதலின் அதனைப் பெறுதல் அரிதன்று. இருபதாண்டுப் பதிவு சேர்ந்தால், மழை பிழைத்த ஆண்டு எது, மழை பெய்தும் நீர் நில்லாத ஆண்டு எது எனப் பிரித்தறியலாம். முன்னர்ப் பிரித்தறிய வேண்டுமெனக் கூறிய காரணங்களுக்கு அதுவே திறவுகோலாகும். காஞ்சியில் நாட்கணக்கை மக்கள் வகுத்தனர். நீர் அதற்கு இணங்கியது. இங்கு நாட்கணக்கை நீரே வகுக்கின்றது. அதனை எழுதிக்கொள்ளுதலாவது நம் கடனாதல் வேண்டும்.

அக்கொப்பியின் முதற் பக்கத்தில் எங்கள் மாணாக்கர் பழைய நகரின் படமொன்றை வரையத் தொடங்கியுள்ளனர். கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் இடங்கள் கண்டறியப்பட்டன. பாட்டியார் சுட்டிய வளையல் கடையும் அதிற் குறிக்கப்பட்டுள்ளது. எஞ்சிய கடைகளின் இடம் அறிந்த முதியோர் சிலரே இன்று உளர். அவர்களிடம் சென்று கேட்டு எழுதும் பணி இவ்விடுமுறையில் நடைபெறும்.